இருள் ஒரு பொருளா? திருவரங்கமும் கறுப்பு வெள்ளைப் படங்களும்

இருள் என்பது தனித்த ஒரு பொருளா, அல்லது ஒளி இல்லாத நிலைக்கு வழங்கும் பெயர் மட்டுமா என்பது இந்தியத் தத்துவ மரபுகள் பல நூற்றாண்டுகள் ஓயாமல் விவாதித்த வினாக்களுள் ஒன்றாகும். அதைப் பயனற்ற சொற்போர் என்று இன்றைய வாசகர் ஒதுக்கிவிடக்கூடும். ஆனால் கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தில் ஒளியையும் நிழலையும் எந்த அளவுக்கு எதிரெதிராக நிறுத்துவது என்று முடிவுசெய்யும் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, அந்த வினாவுக்கு ஒரு விடையைத் தேர்ந்துகொண்ட பிறகே படம் எடுக்கின்றனர். புகைப்படக்காரர்கள் கான்ட்ராஸ்ட் என்று வழங்கும் இந்த ஒளி நிழல் முரண், படத்தின் மிக வெளிர்ந்த இடத்துக்கும் மிகக் கறுத்த இடத்துக்கும் உள்ள தொலைவையும், அத்தொலைவைச் சாம்பல் நிறங்கள் எத்தனை படிகளில் கடக்கின்றன என்பதையும் ஒருங்கே குறிப்பது. நிழல் வெறும் இல்லாமை என்று கொள்பவருக்கு அதை ஒரே கறுப்பாக விட்டுவிடுவதில் இழப்பு எதுவும் இல்லை. நிழலுக்கு உடலும் அடர்த்தியும் உண்டு என்று கொள்பவரோ அதனுள் இருப்பவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டியவராகிறார். இக்கட்டுரை இரண்டாவது நிலைப்பாட்டைச் சார்ந்தது. அதற்கான காரணங்களை, இருளைப் பற்றி நுணுகிச் சிந்தித்த ஆசாரியர்கள் வாழ்ந்ததும் தமிழகத்தின் தொடக்ககாலப் புகைப்படங்கள் சில எடுக்கப்பட்டதுமான திருவரங்கத்திலும், காவிரிக்கு இக்கரையில் உள்ள திருச்சிராப்பள்ளியிலும் தேடுகிறது.

வைசேஷிகர் உலகத்துத் திரவியங்களை ஒன்பதாக வகுத்தனர். திரவியம் என்பது குணத்துக்கும் செயலுக்கும் இருப்பிடமாக நிற்கும் பொருள். நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம், காலம், திசை, ஆன்மா, மனம் ஆகியவை அவ்வொன்பது. இருளுக்கு அந்த வரிசையில் இடமில்லை. ஒளியின் இன்மையே இருள் என்பதும், நிழல் நகர்வதுபோலத் தோன்றுவது ஒளியை மறைக்கும் பொருள் நகர்வதால் விளையும் மயக்கம் என்பதும் அவர்கள் முடிவு. நிறமுடைய பொருள் எதையும் காண ஒளி வேண்டியிருக்க, இருளைக் காண மட்டும் ஒளி வேண்டாமையே அது பொருளன்று என்பதற்குச் சான்று என்றும் அவர்கள் வாதிட்டனர். பிராபாகர மீமாம்சகர் இன்னும் ஒரு படி சென்று, இருள் ஒளியின் இன்மைகூட அன்று, உருவத்தைக் காணாமை மட்டுமே என்றனர். குமாரில பட்டரின் வழிவந்தோர் இவ்விரண்டையும் மறுத்தனர்: இருள் கறுப்பாகத் தெரிகிறது, அசைகிறது, நிறமும் அசைவும் உடைய ஒன்று பொருளாகத்தான் இருக்க முடியும் என்பது அவர்கள் வாதம்.

மரபுவழிக் கணக்கில் 1017 முதல் 1137 வரை வாழ்ந்தவரும் திருவரங்கத்தைத் தம் பணிக்களமாகக் கொண்டவருமான இராமாநுசர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யம் என்னும் பேருரையில், இவ்விவாதம் எதிர்பாராத ஓர் இடத்தில் தலைகாட்டுகிறது. அறியாமை என்பது அறிவின் இன்மை அன்று, தானே இருக்கும் ஒன்று என்று நிறுவ முயலும் அத்வைதியின் கட்சியை அவர் முதலில் குறைவின்றி எடுத்துரைக்கிறார். அந்தக் கட்சிக்கு இருள் உவமையாக வருகிறது. இருள் சில இடங்களில் செறிந்தும் சில இடங்களில் மெலிந்தும் காணப்படுகிறது, நிறமுடையதாகவும் காணப்படுகிறது, எனவே அது பொருளே என்பது அங்கே சொல்லப்படும் காரணத்தின் சாரம். அறியாமை பற்றிய அத்வைதியின் முடிவை இராமாநுசர் பின்னர் விரிவாகத் தகர்க்கிறார். எனினும் இருள் வெறும் இன்மை அன்று என்னும் கருத்தை அவர் வழிவந்த மரபு கைவிடவில்லை. விசிஷ்டாத்வைதக் கோட்பாடுகளைத் தொகுத்துச் சொல்லும் சிறுநூலான யதீந்திரமத தீபிகை, இருளை நிலம் என்னும் பூதத்துக்குள் அடக்கி, அது இன்மையும் அன்று, தனியான மற்றொரு திரவியமும் அன்று என்று தீர்க்கிறது.

செறிவு, மெலிவு என்னும் அந்தக் காரணம் மிகவும் கூர்மையானது. ஒரு குடம் அறையில் இல்லை என்றால் இல்லைதான். அந்த இல்லாமையில் கூடுதல் குறைச்சல் கிடையாது. இருளுக்கோ படிகள் உண்டு. மாலைக்கருக்கல் வேறு, மண்டபத்து மூலை வேறு, கதவடைத்த கருவறை வேறு. வைசேஷிகர் இதற்கு மறுமொழி வைத்திருந்தனர்: படிகள் இருளுக்கு உரியவை அல்ல, எஞ்சியிருக்கும் ஒளிக்கு உரியவை. இயற்பியலின் தராசில் நிறுத்தால் அவர்கள் தட்டே தாழும் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பார்த்தல் என்னும் செயலை, அதுவும் பார்த்ததை ஒரு தாளில் பதித்து மற்றவருக்கு அளிக்கும் செயலை ஆராயும்போது தராசு அவ்வளவு எளிதாக ஒருபக்கம் சாய்வதில்லை. ஏனெனில் புகைப்படத் தாளில் இருள் உண்மையாகவே ஒரு பொருளால் ஆகியிருக்கிறது.

வெள்ளியின் சில உப்புகள், குறிப்பாக அயோடைடும் குளோரைடும் புரோமைடும், ஒளி பட்டால் சிதைந்து உலோக வெள்ளியைத் தரும் அல்லது பின்னர் உருத்துலக்கும் கரைசலில் வெள்ளியாக மாறுவதற்கு ஆயத்தமாகும். நுண்துகளாகப் படியும் வெள்ளி பளபளப்பதில்லை, கறுப்பாகத் தெரிகிறது. ஆகவே கேமராவுக்குள் உருவாகும் நெகட்டிவில், அதாவது ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதியும் முதற்படிவத்தில், வெயில் விழுந்த சுவர் கறுத்திருக்கும், நிழல் விழுந்த தூண் ஏதும் படியாமல் தெளிந்திருக்கும். அந்த நெகட்டிவின் வழியாக ஒளியை இன்னொரு தாளில் செலுத்தி அச்செடுக்கும்போது உறவு மீண்டும் தலைகீழாகிறது: வெயில் இருந்த இடத்தில் வெறுந்தாள் எஞ்சுகிறது, நிழல் இருந்த இடத்தில் வெள்ளி அடர்ந்து நிற்கிறது. ஒரே காட்சியின் இரண்டு நிலைகளில் இரண்டு தரிசனங்களும் மெய்யாகிவிடுவதை இங்கே காணலாம். நெகட்டிவில் நிழல் இன்மையாக இருக்கிறது, வைசேஷிகர் சொன்னபடி; அச்சில் நிழலே பொருளாகவும் ஒளி அப்பொருளின் இன்மையாகவும் இருக்கின்றன, குமாரிலர் வழிவந்தோர் சொன்னதையும் கடந்து. கோபுரத்தின் மேல் விழுந்த வெயிலை அச்சுத் தாளில் தொட்டுப்பார்க்க விரும்புவோர் கை வெறுந்தாளைத்தான் தொடும்.

இந்த வெள்ளிப்படிவின் செறிவை எண்ணால் அளக்கும் வழியை ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்னும் இருவர் 1890-இல் வெளியிட்டனர். விழுந்த ஒளியின் அளவு கூடக்கூடக் கறுப்பு எப்படிச் செறிகிறது என்பதை அவர்கள் ஒரு வளைகோடாக வரைந்து காட்டினர். அக்கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவு முரண் மிகுந்த படம் கிடைக்கும். அக்கோட்டின் அடிப்பகுதியில் ஒரு தட்டையான தொடக்கம் உண்டு. அங்கே ஒளி வந்திருக்கிறது, ஆனால் தடயம் விடும் அளவுக்கு வரவில்லை. நிழலில் இருந்த தூணும் அதன் மேலிருந்த சிற்பமும் கேமராவை நோக்கி ஒளியை அனுப்பாமல் இல்லை. அனுப்பிய ஒளி ஃபிலிமின் வாசலைத் தாண்டவில்லை. இராமாநுச மரபு உயிரின் அறிவைப் பற்றிச் சொல்வது இதற்கு வெகு அருகில் வருகிறது. தர்மபூத ஞானம், அதாவது உயிரிலிருந்து பரவிப் பொருள்களைப் பற்றும் அறிவு, கட்டுண்ட நிலையில் வினையால் சுருங்குகிறது, விடுபட்டபின் விரிகிறது. எந்த நிலையிலும் அழிவதில்லை. கல்லைப்போல் கிடக்கும் உயிரிலும் அறிவு இல்லாமல் போவதில்லை, வெளிப்படாத அளவுக்கு ஒடுங்கியிருக்கிறது என்பது அக்கொள்கை. வெளிப்படாதது இல்லாததன்று என்னும் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், நிழலைக் கையாளும் முறையே மாறிவிடும்.

சென்னை மாகாண அரசு 1856-இல் லின்னேயஸ் டிரைப் (1822–1902) என்னும் படை அதிகாரியைத் தன் புகைப்படக்காரராக அமர்த்தியது. 1857-இன் இறுதியில் தொடங்கிய நீண்ட பயணத்தில் அவர் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய இடங்களைப் படம்பிடித்தார். திருச்சிராப்பள்ளிக்கும் திருவரங்கத்துக்கும் உரிய தொகுதிகள் 1858-இல் வெளிவந்தன. மெழுகு பூசிய காகிதத்தையே நெகட்டிவாக அவர் பயன்படுத்தினார். ஏறத்தாழ 12 அங்குலத்துக்கு 15 அங்குலம் அளவுடைய அந்தக் காகிதங்கள் நீண்ட நேரம் ஒளியைப் பெற்ற பிறகே உருவத்தைப் பதித்தன. இன்று 236 அடி உயர்ந்து நிற்கும் திருவரங்கத்துத் தெற்கு இராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரமாக நின்றது. அது நிறைவெய்தியது 1987-இல்தான். 1859-இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் செலவைக் காரணம் காட்டி டிரைப்பின் புகைப்படப் பணிக்கு முற்றுப்புள்ளி வைத்தார். ஆயினும் அந்தச் சில மாதங்களில் கிடைத்த படங்கள் ஒளி நிழல் முரணைப் பற்றிய மிகக் கடினமான ஒரு வினாவை எழுப்பிவிட்டன.

அக்காலத்து வெள்ளி உப்புகள் நீலத்தையும் ஊதாவையும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் மட்டுமே நன்கு உணர்ந்தன. மஞ்சளை மிகக் குறைவாகவே உணர்ந்தன, சிவப்பை அறவே உணரவில்லை. இதன் விளைவாக நீல வானம் அளவுக்கு மீறிப் பதிந்து அச்சில் வெறும் வெள்ளையானது. காவியும் வெண்மையும் மாறிமாறித் தீட்டப்பட்ட கோயில் மதில் கறுப்பும் வெள்ளையுமாக மாறியது. திருமண்காப்பின் நடுவே ஒளிரும் செந்நிற ஸ்ரீசூர்ணம், நெற்றியிலாயினும் சுவரிலாயினும், கரிக்கோடாக இறங்கியது. வெயிலில் பொன்போல் மின்னும் மாநிறத் தோல் நேரில் தெரிவதைக்காட்டிலும் கறுத்துப் பதிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் தமிழ் முகங்கள் இருண்டு கிடப்பதற்கு ஒரு பாதிக் காரணம் வேதியியலே என்பதை அப்படங்களை வைத்து மக்களைப் பற்றிப் பேசுவோர் மறந்துவிடுவது வருந்தத்தக்கது. எல்லா நிறங்களையும் ஏறக்குறையக் கண்ணைப்போல உணரும் தகடுகள் 1906-ஐ ஒட்டியே கடைகளுக்கு வந்தன. அப்படியானால் 1858-இன் படங்கள் பொய்யா?

பிழையான காட்சியைப் பற்றிய இந்திய விவாதங்களில் கிளிஞ்சலை வெள்ளி என்று காண்பது நிலைத்த எடுத்துக்காட்டு. அங்கே வெள்ளி சிறிதும் இல்லை, மனம் அல்லது அவித்யை அதை உண்டாக்கியது என்று பிறர் சொல்ல, இராமாநுசர் ஸ்ரீபாஷ்யத்தில் வேறு வழியை எடுக்கிறார். ஐந்து பூதங்களும் ஒன்றோடொன்று கலந்தே எல்லாப் பொருள்களும் ஆகியிருப்பதால் கிளிஞ்சலிலும் வெள்ளியின் கூறு சிறிதளவு உண்மையாகவே உள்ளது. கண் அந்தக் கூறைப் பற்றியது, மிகுதியான கிளிஞ்சல் கூறைப் பற்றத் தவறியது. யதார்த்தக்யாதி எனப்படும் இக்கொள்கையின்படி எல்லா அறிவும் உள்ளதையே அறிகிறது. பிழை என்பது இல்லாததைக் காண்பதன்று, உள்ளதில் பெரும்பகுதியைக் காணாமல் விடுவது. டிரைப்பின் படங்களுக்கு இதைவிடப் பொருந்தும் நியாயம் அரிது. மதிலின் காவி நீலஒளியை அனுப்பவில்லை; தாள் அந்த உண்மையைத்தான் கறுப்பாகப் பதித்தது. நிறத்தில் பெரும்பகுதி தவறிப்போனது, எனினும் பதிந்தது மதிலுக்குரியதே. ஆனால் அதே டிரைப், வெறிச்சோடிக் கிடந்த வானத்தைப் பொறுக்காமல், நெகட்டிவின்மேல் தூரிகையால் வண்ணம் தடவி மேகங்களைச் சேர்த்தார். அழகான மேகங்கள், ஆனால் அந்த நேரத்தில் அந்த வானம் அனுப்பாத மேகங்கள். சிவப்பைக் கறுப்பாகக் காட்டிய படத்துக்கும் இல்லாத மேகத்தைக் காட்டிய படத்துக்கும் இடையே உள்ள எல்லை இங்கே தெளிவாகிறது. கண்ணுக்கு முன்னதுதான் விசித்திரமாகத் தோன்றும், பின்னது இயல்பாகத் தோன்றும். அறநோக்கில் நிலைமை நேர்மாறானது. முரணைக் கூட்டுவதும் குறைப்பதும் இருப்பவற்றுள் எதை மிகுவிப்பது என்னும் தேர்வாக இருக்கும்வரை, படம் எவ்வளவு கடுமையாகத் தோன்றினாலும், அது மெய்யின் எல்லைக்குள்தான் நிற்கிறது.

அந்த எல்லைக்குள்ளும் தேர்வு எளிதானதன்று. திருவரங்கம் ஏழு திருச்சுற்றுகளை உடைய கோயில். வெளிச்சுற்றுகளில் வீடும் கடையும் தெருவுமாகத் திறந்த வெயில், உள்ளே செல்லச்செல்லக் கூரையும் தூணும் நெருங்கி இருள் செறிவது, நடுவே தெற்கு நோக்கிய கருவறை. தெற்கு வாயிலில் நுழையும் அடியார் வெளிச்சத்திலிருந்து இருளுக்குப் படிப்படியாக நடக்கிறார், அவருடைய கண்ணும் அதற்கேற்பப் படிப்படியாகத் திறக்கிறது. முழு இருளுக்குக் கண் பழகுவதற்கு இருபது முப்பது நிமிடங்கள் ஆகும் என்பது உடலியல் கூறும் கணக்கு. நடையின் நீளமும் கண்ணின் காலமும் இவ்வாறு ஒத்துப்போவது திட்டமிட்டதோ இல்லையோ, கட்டடத்தின் பயன் அதில் இருக்கிறது. கேமராவுக்கு இந்த நடை கிடையாது. அது ஒரே நொடியில் வெயிலையும் உள்மண்டபத்தையும் சேர்த்துக் காண வேண்டும். நண்பகலில் சுண்ணாம்பு பூசிய சுவருக்கும் ஆயிரங்கால் மண்டபத்தின் உட்பகுதிக்கும் உள்ள ஒளி விகிதம் ஆயிரத்துக்கு ஒன்றையும் மிஞ்சக்கூடும், பளபளப்பான அச்சுத்தாளோ ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று என்ற அளவைத்தான் தாங்கும். ஆகவே எதையாவது விட்டுக்கொடுத்தாக வேண்டும்.

திருச்சிராப்பள்ளியின் வெயிலும் இதைக் கடினமாக்குகிறது. ஏறத்தாழ 10.8 பாகை வட அட்சத்தில் உள்ள இவ்வூரில் சூரியன் ஆண்டுக்கு இருமுறை, சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணி முற்பகுதியிலும், நேர் உச்சியில் நிற்கிறது. அந்நாள்களின் நண்பகலில் கோபுரத்தின் நிழல் அதன் அடியிலேயே சுருண்டுவிடும். கூரை விளிம்பில் வளைந்து இறங்கும் கொடுங்கையின் கீழ் மட்டும் கத்தியால் வெட்டியதுபோன்ற கருநிழல் விழுந்து, அதன் கீழுள்ள சிற்பத்தின் முகத்தை மூடிவிடும். திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத்தில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளைக் காலைச் சாய்வெயிலில் படம்பிடித்தால் தசையும் கடிவாளமும் துலங்கும்; உச்சிவெயிலில் பிடித்தால் முதுகுகள் வெளுத்து, வீரர்களின் முகங்கள் தொலையும். முரண் என்பது இருட்டறையில் சேர்க்கும் பொருளன்று. புகைப்படக்காரர் நாளின் எந்த நாழிகையைத் தேர்ந்தார் என்பதிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

இந்தச் சிக்கலுக்கு நல்ல தீர்வொன்றை ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் வகுத்தனர். முழுக்கறுப்புக்கும் முழுவெள்ளைக்கும் இடைப்பட்ட நிறங்களைச் சுழியம் முதல் பத்து வரை பதினொரு மண்டலங்களாகப் பிரிக்கும் முறை அது. ஒளிமானி தன் முன் உள்ள எதையும் நடுச்சாம்பலாக, அதாவது ஐந்தாம் மண்டலமாகவே எடுத்துக்கொள்ளும். சிற்பத்தின் நுணுக்கம் தெரிய வேண்டிய நிழலைப் புகைப்படக்காரர் தம் தீர்மானத்தால் மூன்றாம் மண்டலத்தில் இருத்துவார். ஃபிலிமில் நிழற்பகுதி உருத்துலக்கத்தின் தொடக்கத்திலேயே ஏறக்குறைய முழுமையடைந்துவிடும், வெளிச்சப்பகுதியோ கரைசலில் இருக்கும் நேரமெல்லாம் செறிந்துகொண்டே போகும். எனவே நிழலுக்கு வேண்டிய அளவு ஒளியைக் கொடுத்துவிட்டு, வெளிச்சம் எல்லை மீறாமல் உருத்துலக்கத்தைக் குறுக்கினால் இரண்டும் ஒரே தாளில் இடம்பெறும். இதில் அடங்கிய மனப்பான்மை கவனிக்கத்தக்கது. முதலில் கேட்கப்படுவது வெளிச்சத்தின் தேவை அன்று, நிழலின் தேவை. வலுவுள்ளது தானே தன்னைப் பதித்துக்கொள்ளும். மெலிந்ததற்குத்தான் முதலில் இடம் ஒதுக்க வேண்டும்.

மலைக்கோட்டையின் மேற்குடைவரை இதற்குக் கல்லிலேயே ஒரு பாடம் வைத்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த அக்கோயிலின் முகப்பு தெற்கு நோக்கியது. கருவறை கிழக்குச் சுவரில் குடையப்பட்டிருக்க, அதற்கு எதிரே மேற்குச் சுவரில் கங்கையைச் சடையில் ஏற்கும் சிவனின் பெரிய புடைப்புச்சிற்பம் நிற்கிறது. ஒளி முகப்பின் தூண்களுக்கிடையே ஒரே பக்கத்திலிருந்து வருவதால், சிற்பத்தை எதிர்கொண்டு நிற்பவருக்கு அது இடப்புறமிருந்து சுவரைத் தடவிக்கொண்டு செல்கிறது. ஒவ்வொரு மேடும் தன் வலப்புறத்தில் மெல்லிய நிழலைப் பெற்று உருப்பெறுகிறது. நேர்முகமாக ஒரு மின்விளக்கை வைத்து அந்த நிழல்களை அகற்றிவிட்டால் கல்லின் ஒவ்வொரு புள்ளியும் தெரியும், உருவம் மட்டும் தெரியாது. புடைப்பு என்பதே நிழலால் ஆனது. இருளை இன்மை என்று சொல்லும் கொள்கைக்கு இந்தச் சுவரின் முன் நின்று பதில் சொல்வது கடினம். ஏனெனில் இங்கே இறைவனின் திருமேனியை வடிப்பதில் பாதிப்பங்கு அந்த இன்மையுடையது.

திருவரங்கத்துக் கருவறையில் படம் எடுக்க இடமில்லை. அங்கே பள்ளிகொண்ட பெரிய பெருமாள் சுதையாலான மூலவர். நீரால் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்பு உண்டு. கரிய திருமேனி, சூழ்ந்த இருள், அருகில் அசையும் விளக்கு என்னும் அந்தச் சேர்க்கையில் முழு உருவமும் ஒரே பார்வையில் கிடைப்பதில்லை. விளக்கு காட்டும் பகுதியைக் கண்டு, அடுத்ததற்குக் காத்திருந்து, கண்டவற்றை நெஞ்சில் கோத்துக்கொள்ள வேண்டும். உறையூரில் பிறந்தவராகவும், கோயிலுக்குள் நுழைய உரிமையின்றிக் காவிரியின் தென்கரையிலேயே நின்றவராகவும் குருபரம்பரை கூறும் திருப்பாணாழ்வார், லோகசாரங்க முனிவரின் தோளில் ஏறி உள்ளே வந்தபின் பாடிய அமலனாதிபிரான், திருவடியில் தொடங்கி ஆடை, உந்தி, மார்பு, கழுத்து, வாய் என மேலேறிக் கண்களை அடைவது பலரும் அறிந்தது. இந்த வரிசைக்கு உரையாசிரியர்கள் சொல்லும் காரணங்கள் ஆழமானவை. அவற்றோடு, இருளும் விளக்கும் சேர்ந்து கற்பிக்கும் பார்வையின் ஒழுங்கு அதுவே என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். சமுதாயத்தின் நிழலில் நிறுத்தப்பட்ட ஒருவருக்கே அந்தப் பார்வை முழுமையாக வாய்த்தது என்பதை வைணவ மரபு தானே முன்வந்து போற்றிவைத்திருக்கிறது.

1323-இல் டில்லிப் படை வந்தபோது உற்சவரைப் பிள்ளை லோகாசாரியர் தெற்கே எடுத்துச் சென்றதையும், மூலவர் சந்நிதிக்கு முன் கல்லால் சுவர் எழுப்பி மறைத்ததையும் மரபு வரலாறுகள் கூறுகின்றன. உற்சவர் திரும்பியது 1371-இல். அந்தப் பல்லாண்டுகள் பெருமாள் இருளில் இருந்தார் என்று சொல்வது சரிதான், ஆனால் அந்த இருளை இழப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. அது காப்பு. படம் எடுக்கக் கூடாது என்னும் இன்றைய விதியையும் கோயில் நிர்வாகத்தின் கெடுபிடியாகக் காணாமல் இதன் தொடர்ச்சியாகக் காண்பதே பொருந்தும். காட்டப்படாத ஒன்று இருக்கிறது என்பதைக் காட்டும் இருளும் உண்டு. அதைத் திறப்பது புகைப்படக்காரரின் உரிமை ஆகாது.

காவிரியின் தென்கரையில் சைவ சித்தாந்தம் இருளைப் பற்றிப் பேசும் முறை வேறானது, சில இடங்களில் இன்னும் கண்டிப்பானது. ஆணவம் என்னும் மூலமலத்தை, அதாவது உயிரோடு தொடக்கமின்றி ஒட்டியிருந்து அதன் அறிவை மறைக்கும் கட்டை, அந்த மரபு இருள் என்றே அழைக்கிறது. விஜயரங்க சொக்கநாத நாயக்கர் காலத்தில் திருச்சிராப்பள்ளி அரசில் பணியாற்றியவராக மரபு கூறும் தாயுமானவரின் பாடல்களிலும் அவ்வழக்கு உண்டு. பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் ஒரு நுட்பமான வேறுபாட்டைச் செய்கிறார். புற இருள் பொருள்களை மறைத்தாலும் தான் இருப்பதை மறைப்பதில்லை, இருட்டாக இருக்கிறது என்பதையாவது எவரும் அறியலாம். ஆணவமோ பிறவற்றையும் மறைத்துத் தன்னையும் மறைத்துக்கொள்கிறது.

இந்த வேறுபாட்டைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய படங்களைப் பார்க்கும்போது இரண்டு குறைகளுள் எது பெரிது என்பது தெளிவாகிறது. முரணை உச்சத்துக்கு ஏற்றி நிழலை முழுக் கறுப்பில் அமிழ்த்தும் படம், மண்டபத்துத் தூண்களை இழக்கிறது. ஆனால் இங்கே இருள் இருந்தது என்ற செய்தியை அது மறைப்பதில்லை. கைப்பேசிகள் இப்போது தாமாகவே செய்வது வேறு. வெவ்வேறு ஒளியளவில் எடுத்த பல படங்களை ஒன்றாக்கி, நிழலையும் வெயிலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஆயிரங்கால் மண்டபத்தின் ஆழத்தை வாசற்படியைப்போல வெளிச்சமாக்கித் தருகின்றன. எல்லாத் தூண்களும் தெரிகின்றன. அங்கே இருட்டு இருந்தது என்பது தெரிவதில்லை. மறைந்தது என்பதும் மறைந்துவிடுகிறது. நிழலுக்குப் பொறுப்பேற்பது என்பது அதை ஒழிப்பதன்று என்பதால், இந்தப் படம் முன்னதைவிட அதிகம் காட்டியும் முன்னதைவிடக் குறைவாகவே உண்மை சொல்கிறது.

நல்ல அச்சு எங்கே நிற்க வேண்டும் என்பதில் மட்டும் இரு கரைகளும் ஒரே விடையைத் தருவதில்லை. விசிஷ்டாத்வைதத்தின்படி விடுபட்ட உயிரின் அறிவு சுருக்கம் அறவே நீங்கி எங்கும் பரவுகிறது, அதன் பின் அதில் ஒடுங்கிய மூலை எதுவும் எஞ்சுவதில்லை. சித்தாந்தத்தின்படி ஆணவம் என்றும் அழியாத பொருள், முத்தியிலும் அது இருக்கும், மறைக்கும் ஆற்றலை மட்டும் இழந்து அடங்கியிருக்கும். முதற்கொள்கையை ஏற்கும் அச்சாளர் தம் படத்தின் மிக ஆழ்ந்த நிழலிலும் மூன்றாம் மண்டலத்துக்குக் கீழே எதையும் இறங்கவிடமாட்டார். இரண்டாவதை ஏற்பவர், தூண்களையெல்லாம் துலங்கச் செய்த பிறகும், எதையும் மறைக்காத ஓர் இடத்தில் சுழியம் மண்டலத்தின் முழுக்கறுப்பைத் தாளில் இருக்கவிடுவார்.